போத்தலில் மிஞ்சியது

தம்பி,

நீ மெல்பேர்னுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன் அறையில் பெட்டிகள் பாதி நிரம்பியபடி வாய் திறந்து கிடக்கின்றன. நேற்று மாலை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடிக் கடையில் றோல்ஸ் வாங்கிக்கொண்டு நாம் இருவரும் நடந்து வந்தபோது, புது வேலையில் ஆட்களோடு பார்த்து நடந்துகொள் என்று சொன்னேன். நீ சிரித்தாய். "அம்மா, நான் உங்கள மாதிரி சும்மா விட்டுட்டு வர மாட்டன். அந்த ஸ்டெல்லா அன்ரி உங்களுக்குச் செய்த மாதிரி ஆரும் எனக்குச் செய்தா, ஐ வில் ஃபைட்," என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "றோல்ஸ் ஆறுது, கெதியா நட," என்றேன்.

ஸ்டெல்லா அன்ரி எனக்கு எதுவும் செய்யவில்லை. நான்தான் அவருக்குச் செய்தேன். ஏழு வருடங்களாக நீ அதை மாறிப் புரிந்து வைத்திருக்கிறாய், நானும் அதைத் திருத்தாமல் இருந்துவிட்டேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் பாதி சொல்வதற்குள் நீ "இட்ஸ் ஓகே அம்மா" என்று என்னைக் கட்டிப்பிடித்துவிடுவாய், மீதியைச் சொல்ல எனக்கும் மனம் வராது. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று தெரியும். நேரமெடுத்தே வாசி, முழுவதையும் வாசி.

என் வேலை என்ன என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம் "உப்புச் செய்யிறன்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அது பொய்யில்லை. நாம் கறிக்குப் போடும் உப்பு, உருக வேண்டுமென்றால் அடுப்பில் வைத்தாலும் சூடு போதாது. ஆனால் சில உப்புகளின் துகள்களைப் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் செய்துவிட்டால், அவை ஒன்றோடொன்று ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாமல், சாதாரண வெப்பத்திலேயே திரவமாக நின்றுவிடும். அதைத்தான் அயன் திரவம் என்கிறோம். பெற்றோல் மாதிரி ஆவியாகிப் போகாது, இலகுவில் தீப்பிடிக்காது, வேறு எதுவும் கரைக்காத பொருளையும் கரைக்கும். அதில் ஒரே ஒரு குறை. முதலில் வந்தவற்றில் பல, ஆற்றிலோ மண்ணிலோ சேர்ந்தால் அழியாமல் அப்படியே கிடந்தன. மீனுக்கும் ஆகாது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் அமினோ அமிலத்திலிருந்து அவற்றைச் செய்யத் தொடங்கினோம். பருப்பிலும் மீனிலும் இருக்கும் புரதத்தின் சின்னத் துண்டுதான் அமினோ அமிலம். அதை எப்படித் தின்பது என்று பக்டீரியாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் மண்ணே தின்று தீர்த்துவிடும் திரவம் ஒன்றைச் செய்ய வேண்டும். பதினொரு வருடம், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக, நான் சிட்னியில் செய்த வேலை அதுதான்.

நீ பதினோராம் வகுப்பில் இருந்தபோது அது கைகூடி வந்த மாதிரி இருந்தது. செம்மறியாட்டுக் கம்பளியில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் அழுக்கையும் கழுவ ஒரு திரவம் வேண்டும் என்று, நாட்டுப்புறத்தில் இருந்த ஒரு கம்பளி ஆலை எங்கள் பேராசிரியரிடம் வந்தது. நான் வடிவமைத்த மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் இருந்தன. வால், கொழுப்பைப் பிடிக்கும் நீண்ட சங்கிலி. தலை, ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம். இரண்டும் சேரும் இடத்தைப் பக்டீரியா இலகுவில் வெட்டக்கூடியதாக வைத்தேன். ஆனால் அது குளிர்ந்ததும் மெழுகு போலக் கட்டியாகிவிட்டது. பல மாதம் மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் தலையில் நைதரசன் உள்ள ஒரு வளையத்தைப் பூட்டினேன். அன்றைக்கு அது தேன் மாதிரி ஊற்றுப்பட்டதைப் பார்த்து நான் ஆய்வுகூடத்திலேயே கை தட்டினேன். ஒரு கறுத்த கம்பளித் துண்டை அதில் போட்டு எடுத்தோம், பஞ்சு மாதிரி வெளுத்து வந்தது. நீயும் அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பேசினாய், "என் அம்மா செய்த திரவத்தை மண் சாப்பிடும்" என்று. உன் ஆசிரியை என்னை வாசலில் கண்டு கையைப் பிடித்துப் பாராட்டினார்.

மண் உண்மையில் சாப்பிடுகிறதா என்று பார்ப்பது ஸ்டெல்லா அக்காவின் வேலை. அவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். பட்டத்தில் நான் மேலே, கைத்திறனில் அவர் மேலே. ஒரு போத்தலில் தண்ணீர், எங்கள் திரவத்தில் கொஞ்சம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கொண்டுவந்த சேற்றில் கொஞ்சம். இருட்டு அலமாரியில் இருபத்தெட்டு நாள். பக்டீரியா தின்றால் கரியமில வாயு வரும். எவ்வளவு வாயு வருகிறதோ அவ்வளவு தின்றிருக்கிறது என்று பொருள். கணக்கு அவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் நாள் ஸ்டெல்லா அக்கா என் மேசைக்கு வந்தார். "தங்கச்சி, உங்க மூலக்கூறு ஒரு வாரத்துலயே காணாம போயிருச்சு. ஆனா வாயு பாதிதான் வந்துருக்கு. மீதி எங்க போச்சு?" என்றார்.

"மூடி சரியா இறுகியிருக்காது அக்கா. வாயு வெளியில போயிருக்கும்," என்றேன்.

அவர் சோதனையைத் திரும்பவும் வைத்தார். இன்னும் இருபத்தெட்டு நாள். அதே பாதி. இந்த முறை, சேறு சரியில்லை, மழைக்குப் பிறகு எடுத்த சேறு என்றேன். மூன்றாம் முறை வேறு நிலையத்திலிருந்து சேறு எடுத்துவந்து வைத்தார். அதே பாதி. அப்போது அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. "வால தின்னுருச்சு தங்கச்சி. தலைய தொடவே இல்ல. நீங்க பூட்டுன அந்த வளையம்தான் கெடக்குது."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று நீ நினைக்கக் கூடாது. ஆனால் அந்த வருடம் முதன்முதலாக ஒரு நிரந்தர வேலை வரப்போவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆலைக்காரர் அறிக்கை கேட்டு நின்றனர். பதினொரு வருடத்தில் நான் செய்த ஒரே ஒரு நல்ல திரவம் அது. நான் வாயுக் கணக்கை அறிக்கையில் சேர்க்கவில்லை. மூலக்கூறு ஒரு வாரத்தில் மறைந்துபோன வரைபடத்தை மட்டும் போட்டு, கீழே "சிதைந்தது" என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறைந்தது உண்மைதானே. ஸ்டெல்லா அக்கா அதை வாசித்துவிட்டு, "என் பேர எடுத்துருங்க," என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டேன். அதே வரைபடத்தோடு ஒரு கட்டுரையும் வெளியிட்டோம்.

இனி நான் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. இரண்டு மாதம் கழித்துப் பேராசிரியர் என்னை அழைத்து, ஸ்டெல்லாவின் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டலாமா, அவரோடு வேலை செய்கிறவள் நீதானே, உன் எண்ணம் என்ன என்று கேட்டார். நல்ல மனிதர், உண்மையாகவே கேட்டார். நான் கொஞ்சம் யோசிப்பது போல் இருந்துவிட்டு, "ஷீ இஸ் எ பிட் ஸ்லோ," என்றேன். நாலைந்து சொல்தான். ஒரே சோதனையை மூன்று முறை வைத்தவர் என்று அவரும் கேள்விப்பட்டிருப்பார், தலையாட்டினார். ஸ்டெல்லா அக்கா மெல்பேர்னில் தம்பியாரின் வீட்டுக்குப் போனார். போகும்போது எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஸ்டெல்லா அக்காவே ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அதை நான் தின்றேன், தம்பி.

அடுத்த வருடம், நீ பன்னிரண்டாம் வகுப்புக் கடைசிச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆலையில் திரவத்தைப் பெரிய அளவில் பயன்படுத்திப் பார்க்க நாள் குறித்தார்கள். கழுவிய தண்ணீர் ஒரு குளத்தில் சேரும், அங்கிருந்து புல்வெளிக்குப் போகும். அதற்கு மூன்று வாரம் முன்பு, புதிய கருவி ஒன்றுக்கு இடம் வேண்டும் என்று பழைய இருட்டு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பின்தட்டில், சுவரோடு ஒட்டியபடி, ஒரு போத்தல் இருந்தது. ஸ்டெல்லா அக்காவின் கையெழுத்தில் நாளும் மாதமும். கடைசியாக வைத்த சோதனையில் ஒரு போத்தலை அவர் நிறுத்தாமலே விட்டுப் போயிருக்கிறார். ஏறத்தாழ ஒரு வருடமாக அது அங்கேயே, அதே சேற்றோடு, அதே வெப்பத்தில் இருந்திருக்கிறது. கழுவி வைத்துவிடலாம் என்று தொட்டிவரை கொண்டுபோனேன். பிறகு என்ன நினைத்தேனோ, அதில் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் செலுத்தினேன். அரை மணி நேரத்தில் திரையில் ஒரு முகடு எழுந்தது. வளையம் பூட்டிய தலை. ஒரு வருடம் ஆகியும் குறையவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் கைப்பையோடு அப்படியே இருந்தேன். உன் அப்பா அதிகாலை ரயில் ஓட்டிவிட்டு வந்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"நீர் சொல்லாம விட்டா என்ன நடக்கும்?"

"அந்தக் குளத்தில போய்க் கிடக்கும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியாது."

"அது அங்க கிடந்து என்ன செய்யும்?"

"அதுவும் தெரியாதப்பா."

"ஒண்டும் தெரியாத சாமானையோ ஊத்தப் போறியள்?" என்று கேட்டுவிட்டு, என் முன்னால் தேத்தண்ணியை வைத்தார்.

மறுநாள் காலை போத்தலை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். கருவியின் பிழையாக இருக்கலாமே என்று முதலில் சொன்னார், நான் முன்பு சொன்னது போலவே. மூன்று சோதனையின் வாயுக் கணக்கையும் அவர் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இது உன்னிடம் எப்போதிருந்து இருக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆலைக்குத் தொலைபேசி எடுத்தார், நான் அங்கே நிற்கும்போதே. ஆலையில் ஊற்றுவதை நிறுத்தினார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நிரந்தர வேலை அறிவிக்கப்படவே இல்லை. என் ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிந்தது, யாரும் நீட்டவில்லை. அது நியாயம்தான்.

உனக்கு நான் "நிதி முடிஞ்சுது" என்று சொன்னேன். உன் சோதனை நேரம், மனம் குழம்பக் கூடாது என்பது ஒரு சாட்டு. உண்மையான காரணம், பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிப் பேசிய பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். ஒருநாள் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் பெரியம்மாவோடு போனில் அழுதுகொண்டு, "ஸ்டெல்லா மட்டும் அந்தப் போத்தலை வச்சிட்டுப் போகாட்டி எனக்கு இந்த நிலை வந்திராது," என்று சொன்னதை நீ மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டாய். இறங்கி வந்து, "ஷீ டிட் திஸ் டு யூ?" என்று கேட்டாய். "விடு தம்பி, முடிஞ்ச கதை," என்றேன். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. நீ என் பக்கம் நின்று கோபப்பட்டது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

சில நாள் கழித்து நான் கடைக்குப் போயிருந்தபோது ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போன் எடுத்தார். நீதான் எடுத்தாய். நான் வந்ததும் பெருமையோடு சொன்னாய், "அந்த லேடி எடுத்தவ. நீங்க செய்தது காணும், இனி எடுக்காதேங்கோ எண்டு சொல்லிட்டன்." உனக்கு அப்போது பதினேழு வயது. நீ அதுவரை யாரையும் அப்படிப் பேசியதில்லை. நான் மரக்கறிப் பையை வைத்துவிட்டு உன் தலையைத் தடவினேன். அந்த நேரத்திலும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, நான் கெல்லிவில்லிலும் வென்ட்வேர்த்வில்லிலும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாநாடு என்று உன்னிடம் சொல்லிவிட்டு மெல்பேர்ன் போனேனே, அது மாநாடு இல்லை. ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கப் போனேன். ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எடுத்து, கிளேட்டனில் சின்ன அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருந்தார். கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். உள்ளே இருக்கச் சொன்னார். நான் நாற்காலியில் சாயாமல் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவரைப் பற்றிப் பேராசிரியரிடம் சொன்ன அந்தச் சொல்லையும் ஆங்கிலத்திலேயே அப்படியே சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தானாகத்தான் ஒப்பந்தம் முடிந்தது என்று நினைத்திருந்தாராம். எழுந்து ஜன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். நான் போய்விடட்டுமா என்று கேட்டேன்.

"கோவமா இருக்கு தங்கச்சி. இது சீக்கிரம் போகாது," என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க. சோறு வடிச்சாச்சு," என்றார்.

சாப்பிடும்போது, அன்றைக்கு எதற்குப் போன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்ற செய்தியைப் பார்த்தாராம். "ரொம்பக் கஷ்டமா இருக்கும், யாரும் பக்கத்துல இருக்காங்களான்னு கேக்கத்தான் எடுத்தேன்," என்றார். உன்னைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. "அம்மாக்காகப் பேசுன பையன்," என்றார். அவன் அப்படிப் பேச நான்தான் காரணம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

தட்டுக் கழுவும்போது அவர்தான் கேட்டார், "அந்த வளையத்த ஏன் வெச்சீங்க? அது இல்லாம முடியாதா?" கட்டியாகிவிடும் என்றேன். "வால குட்டையாக்குனா?" என்றார். கழுவும் வேகம் குறையும் என்றேன். "குறையட்டுமே. ஆட்டு மயிருக்கு என்ன அவசரம்?" என்றார். கை ஈரத்தோடு இருவரும் சிரித்துவிட்டோம். அன்று பின்னேரம் விமானத்துக்கு நேரமாகும்வரை பேசினோம். முதல் வடிவத்தை அடியோடு விட்டோம். இந்த முறை கழுவும் திறனைப் பிறகு பார்க்கலாம், முதலில் மண் தின்னுமா என்பதிலிருந்து தொடங்குவோம் என்றார் அவர். எங்கே வெட்டுப்படும், வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் என்னவாகும், அந்தத் துண்டைத் தின்னும் பக்டீரியா சேற்றில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அமினோ அமிலத்தை அதன் இயல்பில் விட்டு, வளையத்துக்குப் பதிலாகக் கோலீன் என்ற பொருளைச் சேர்த்தோம். முட்டையில் இருக்கிறதே, அதே கோலீன். சிட்னியில் ஒரு சின்னக் குழு எனக்குப் பாதிநேர வேலை தந்தபோது நடந்ததை மறைக்காமல் சொல்லித்தான் சேர்ந்தேன். திரவத்தைச் செய்து அவருக்கு அனுப்பினேன், போத்தல்களை அவர் வைத்தார். ஏழு வடிவம் தோற்றது. எட்டாவதில் வாயு பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அவர் என்னிடம் சொல்லாமல் இன்னும் இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போன் எடுத்தார். அதைப் பற்றி எழுதிய புதுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. நீ அதை என் மேசையில் கண்டு, "ஏன் இந்தப் பேர் இங்க இருக்கு?" என்று கேட்டபோதும் நான் பேச்சை மாற்றினேன். அந்தத் திரவம் பழையதைவிட மெதுவாகத்தான் கழுவுகிறது. பெரிய ஆலை எதுவும் எடுக்கவில்லை. கையால் நூல் நூற்பவர்கள் சிலருக்கு ஒரு சின்ன நிறுவனம் விற்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நீ போகிற வேலையும் தண்ணீரோடுதான். உன் கணக்கோடு ஒத்துவராத ஓர் எண்ணை யாராவது உன் மேசைக்குக் கொண்டுவருவார். அநேகமாகப் பதவியில் உன்னைவிடக் குறைந்தவராக இருப்பார், நீ வேலை மும்முரத்தில் இருக்கும்போது வருவார், கேட்கவே எரிச்சலாக இருக்கும். அப்போது போத்தலின் மூடியைக் குறை சொல்லாதே. அவரை இருக்கச் சொல்லி, எப்படி அளந்தார் என்று கேள். நீ பிழை விட்டது தெரிந்தால் அன்றைக்கே சொல். ஒரு நாள் தள்ளினாலும் அதை மறைக்க இன்னொருவர் தேவைப்படுவார். எனக்கு முதலில் ஸ்டெல்லா அக்கா தேவைப்பட்டார், பிறகு நீ தேவைப்பட்டாய். என் பக்கம் நிற்பதாக நினைத்து நீ ஏழு வருடம் சுமந்த கோபம் என்னுடைய கோழைத்தனம். அதை இறக்கி வைத்துவிடு. என் மேல் உனக்குக் கோபம் வந்தால் அது சரியான கோபம். கட்டிப்பிடிக்கத் தேவையில்லை. சில நாள் பேசாமல் இருந்தாலும் நான் விளங்கிக்கொள்வேன்.

இன்று காலை ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். நீ தங்கப்போகும் இடம் எது என்று கேட்டார். சொன்னேன். தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் என்றார். "பையன் காரம் சாப்பிடுவானா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான் அக்கா. தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் சாப்பிடுவான்," என்றேன்.

"சரி, மிளகாயக் கொறச்சுக்கிறேன்," என்றார்.

அவருடைய போன் இலக்கத்தைக் கீழே எழுதவில்லை. நீயாகக் கேட்டால் தருவேன். போவதானால் எந்தக் கிழமை என்று நீயே அவரிடம் சொல்.

அம்மா